அண்ணன் லண்டன், அக்கா நியூ ஜெர்சி: அப்பா சொத்துக் கணக்கை எப்படி வைப்பது?

மண்டிக்காரன்:
மதுரை கீழமாசி வீதியில் எங்களுக்கு வத்தல் மண்டி. அப்பா தை மாதம் தவறிவிட்டார், உயில் இல்லை. அம்மா, லண்டன் அண்ணன், நியூ ஜெர்சி அக்கா, நான் என்று நாலு பேருக்கும் வாரிசுச் சான்றிதழ் வாங்கியாச்சு. இருப்பது தெற்குமாசி வீதியில் வாடகைக்கு விட்ட கடை, வங்கி டெபாசிட், மூணு மியூச்சுவல் ஃபண்ட், மேலூர் பக்கம் தென்னந்தோப்பு.

மூணு பேரும் பேச ஞாயிறு சாயங்காலம் ஏழரை மணிதான் தோது. அண்ணனுக்கு இப்போதைக்கு அது மதியம் மூணு, அக்காவுக்குக் காலை பத்து. போன ஞாயிறு பேச்சு முற்றிவிட்டது. "எல்லாத்திலயும் என் பேரையும் சேர்த்துடு, ஆன்லைன்ல நானே பார்த்துக்கிறேன்" என்கிறார் அண்ணன். அக்காவோ, "பேங்க்ல, ஃபண்ட்ல என் பேரைப் போட்டுடாதே" என்று ஒரே பிடிவாதம். பாகம் வேண்டாமா என்றால், அது வேண்டுமாம்! அம்மா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. அக்கா பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறதா?

ஜெர்சிவாசி:
இருக்கிறது தம்பி. அமெரிக்காவுக்கு வெளியே உள்ள கணக்குகளின் கூட்டுத்தொகை வருஷத்தில் ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் எஃப்பார் என்ற அறிக்கை போட வேண்டும். கூட்டுக் கணக்கில் உங்கள் அம்மா போட்ட பணமும் அக்கா கணக்கில் சேரும். வரி கிடையாது, ஆனால் போடாமல் விட்டால் அபராதம் கடுமை. மியூச்சுவல் ஃபண்ட் அதைவிடத் தலைவலி. ஒவ்வொரு ஃபண்டுக்கும் 8621 என்று தனிப் படிவம். அதை நிரப்ப இங்கே கணக்காளர் கேட்கும் கூலியில் ஃபண்டின் லாபமே போய்விடும். பாகமாக வருவது 1,00,000 டாலருக்கு மேல் என்றால் 3520 படிவமும் உண்டு. அதற்கும் வரியில்லை, மறந்தால் அபராதம் 25 சதவீதம் வரை போகும். ஃபண்டை உங்கள் பாகத்தில் வைத்துக்கொண்டு, அக்காவுக்குக் கடையில் கூட்டிக் கொடுங்கள்.

ஈஸ்ட்ஹாம் மதுரைக்காரன்:
அண்ணனும் ரொம்பத் துள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள். இங்கே குடியேறி நாலு வருஷம் தாண்டியவர், இந்திய வாடகையை லண்டனுக்குக் கொண்டுவராவிட்டாலும் இங்கே வரிக் கணக்கில் காட்டியாக வேண்டும். கொண்டுவராத பணத்துக்கு வரியில்லை என்ற பழைய சலுகை 2025 ஏப்ரலோடு போய்விட்டது. இந்தியாவில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. வருஷக் கூட்டுத்தொகை மட்டும் அனுப்பாதீர்கள். நம்ம ஊரில் மார்ச் 31, இங்கே ஏப்ரல் 5, அமெரிக்காவில் டிசம்பர் 31 என்று கணக்கு முடிகிறது. தேதிவாரியாக ஒரே பேரேடு வைத்தால் அவரவர் வெட்டிக்கொள்வார்கள். என் தம்பி பேரேட்டை மாதாமாதம் போட்டோ எடுத்து அனுப்புகிறான், தேங்காய் விற்ற சீட்டு முதல். கையெழுத்துதான் கோழி கிண்டின மாதிரி.

ரிட்டையர்டு கேஷியர்:
வாடகை விஷயம் யாரும் சொல்லவில்லையே. வெளிநாட்டில் இருப்பவர் பாகத்துக்கு வாடகைக்காரர் 30 சதவீதமும் அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் பிடித்துக் கட்ட வேண்டும். தொகை சின்னது என்ற விலக்கு இதில் இல்லை. மீதி வழக்கமாக என்ஆர்ஓ கணக்கில் போகும், அதாவது வெளிநாட்டில் இருப்பவர் இந்திய வருமானத்தைப் போட்டுவைக்கும் ரூபாய்க் கணக்கு. அங்கிருந்து நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம், ஆகவே பணம் மாட்டிக்கொள்ளும் என்ற பயம் வேண்டாம்.

பாகப் பத்திரத்துக்காக யாரும் விமானம் ஏற வேண்டியதில்லை. பவர் பத்திரத்தில் அங்கேயே நோட்டரி கையெழுத்தும் அப்போஸ்டில் என்ற அந்த நாட்டு அரசின் சான்று முத்திரையும் வாங்கி அனுப்பட்டும். கைக்கு வந்த மூணு மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டிவிடுங்கள்.

மண்டிக்காரன்:
நன்றி. வாடகைக்காரரிடம் வரிப் பிடித்தம், அதைக் கட்டுவதற்கான டான் எண் என்று ஆரம்பித்தேன். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "கடையைக் காலி பண்ணச் சொல்றியா தம்பி?" என்று கேட்டார். அப்பா காலத்து ஆள், அவரை விட மனசில்லை. அதனால் கடை வாடகை அம்மாவுக்கும் எனக்கும், டெபாசிட் முடிந்ததும் ரொக்கம் அக்காவுக்கு என்று பேசிக்கொண்டிருக்கிறோம். அண்ணன் தோப்பைக் கேட்கிறார். வெளிநாட்டில் இருப்பவர் பேருக்கு விவசாய நிலம் ஆகுமா?

ரிட்டையர்டு கேஷியர்:
விலைக்கு வாங்கத்தான் கூடாது, வாரிசாக வரலாம். ஆனால் விற்கும்போது இந்தியாவில் குடியிருக்கும் இந்தியருக்குத்தான் விற்க முடியும். அதை இப்போதே அண்ணனிடம் சொல்லிவிடுங்கள்.