மாரியில் நீச்சல் தடாகத்தை ஹீட் பம்பால் சூடாக்க எவ்வளவு கரண்ட் போகும், எப்போது ஓட விடுவது?

உப்புவெளி அம்மா

வணக்கம். எங்கள் வீடு திருகோணமலை உப்புவெளியில், கடற்கரைக்குக் கூப்பிடு தூரம். மேல்மாடி அறைகளைச் சீசனில் வெளிநாட்டுக்காரருக்குக் கொடுக்கிறோம். அவர்களுக்கென்று கட்டிய சின்னத் தடாகம் ஒன்று இருக்கிறது: நீளம் 6 மீற்றர், அகலம் 3, ஆழம் 1.2.

நான் கேட்பது அவர்களுக்காக இல்லை, என் மகனுக்காக. ஒன்பது வயது, பெருமூளை வாதம். தரையில் நீட்ட முடியாத கால், தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் இளகிக் கொடுக்கிறது. சித்திரை, வைகாசியில் வெயிலே தண்ணீரைச் சூடாக்கிவிடும். கச்சான் காற்று வீசும் நாட்களில் அவனைத் தண்ணீரை விட்டு வெளியே எடுப்பதுதான் பாடு. வாடைக் காற்றுத் தொடங்கினால் எல்லாம் மாறிவிடும். இன்று விடிய தெர்மோமீற்றர் 26 காட்டியது. ஆரோக்கியமான பிள்ளைக்கு அது குளிரே இல்லை. இவனை இடுப்பளவுக்கு இறக்கியதும் முழங்கால் இரண்டும் ஒன்றோடொன்று இறுகிப் பூட்டிக்கொண்டன, விரித்தெடுக்கப் பட்டபாடு எனக்குத்தான் தெரியும். பிசியோ மிஸ் 33 பாகை வேண்டும் என்கிறார். ஐப்பசியில் விட்டுவிட்டு மாசியில் மறுபடி தொடங்கினால், கோடையில் வந்த இளக்கம் பாதிக்கு மேல் போயிருக்கிறது. இந்த முறை விடக்கூடாது என்று இருக்கிறேன்.

9 கிலோவாட் ஹீட் பம்ப் போதும் என்று கொழும்பில் ஒரு கடையில் சொன்னார்கள். கரண்ட் பில்லைக் கேட்டால் "பெரிசா வராது மிஸ்" என்பதோடு சரி. எத்தனை யுனிட் போகும்? பகலில் ஓட விடுவதா, இரவிலா? பயிற்சி திங்கள், புதன், வெள்ளி காலை 10 மணிக்கு. இடையில் நிறுத்தலாமா, தொடர்ந்து வைத்திருக்க வேண்டுமா?

சல்லி மாஸ்டர்

பிள்ளை, கன்னியா வெந்நீர்க் கிணறு உங்களுக்குக் கிட்டத்தானே? ஏழு கிணறும் கரண்ட் இல்லாமல் சூடாக இருக்கின்றன. கிழமைக்கு மூன்று நாள் ஓட்டோவில் கொண்டுபோனால் என்ன?

உப்புவெளி அம்மா

கொண்டுபோனோம் மாஸ்டர். வாளியால் அள்ளி ஊற்றத்தான் முடியும், இறங்கி நிற்க இடமில்லையே. இவனுக்குத் தண்ணீருக்குள் மிதந்தபடிதான் பயிற்சி. ஊற்றிக் குளித்த அன்று நல்ல நித்திரை கொண்டான், அது உண்மை.

பம்ப்ரூம் தம்பி

அக்கா, நிலாவெளிப் பக்கம் விடுதித் தடாகங்களைப் பராமரிப்பதுதான் என் வேலை. கடைக்காரர் சொல்லாத கணக்கைச் சொல்கிறேன், ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.

6 × 3 × 1.2 என்றால் 21.6 கன மீற்றர், அதாவது 21,600 லீற்றர். ஒரு கன மீற்றர் தண்ணீரை ஒரு பாகை ஏற்ற 1.16 கிலோவாட் மணி வெப்பம் வேண்டும். எந்த மெஷின் வாங்கினாலும் இது மாறாது. உங்கள் தடாகத்துக்குப் பாகைக்கு 25. 26இலிருந்து 33க்கு ஏழு பாகை, கிட்டத்தட்ட 175 கிலோவாட் மணி.

சாதாரண ஹீற்றர் கம்பி போட்டால் அந்த 175உம் அப்படியே பில்லில் 175 யுனிட்டாக வரும். ஹீட் பம்ப் வெளிக்காற்றில் இருக்கிற வெப்பத்தை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கிறது, கரண்ட் போவது கொம்பிரசருக்கும் விசிறிக்கும்தான். அதனால் ஒரு யுனிட்டுக்கு நாலு, அஞ்சு மடங்கு வெப்பம் கிடைக்கும். விளம்பரத்தில் ஆறு, ஏழு என்றும் போடுவார்கள். அது எந்தக் காற்றுச் சூட்டில், எந்தத் தண்ணீர்ச் சூட்டில் அளந்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் 26, 27 பாகைத் தண்ணீரில் அளந்திருப்பார்கள். உங்களுக்கு 33 வேண்டும். தண்ணீர் சூடாகச் சூடாக அந்த மடங்கு குறையும். நான் உங்களுக்கு நாலரை என்று பிடிக்கிறேன். 175ஐ நாலரையால் பிரித்தால் 39 யுனிட். 9 கிலோவாட் மெஷின் அதைக் கொடுக்க இருபது மணித்தியாலம் எடுக்கும், சூடாகும்போதே கொஞ்சம் இழப்பதால் ஒரு பகலும் ஓர் இரவும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் ஓடும் நேரமெல்லாம் தண்ணீரைச் சுற்றவிடும் மோட்டரும் ஓட வேண்டும். ஒரு குதிரைவலு மோட்டர் மணிக்கு முக்கால் யுனிட், அந்த ஒரு நாளில் 18. இதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகமொத்தம் முதல் தடவைக்கு 60 யுனிட் வரை.

அது ஒருதரம் போகிற செலவு. பயப்பட வேண்டியது அதற்குப் பிறகு வருவதற்கு: தடாகத்தை மூடாமல் விட்டால்.

ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாகிப் போனால் 0.67 கிலோவாட் மணி வெப்பமும் சேர்ந்து போகிறது. 33 பாகைத் தண்ணீருக்கு மேலே வாடை வீசினால் ஓர் இரவில் ஏழு மில்லிமீற்றர் குறையலாம். உங்கள் தடாகத்தில் அது 126 லீற்றர், 84 கிலோவாட் மணி. காற்றில் போகும் வெப்பமும் திறந்த வானத்துக்குப் போகும் வெப்பமும் அதோடு சேரும். விடிய நாலு பாகை இறங்கியிருக்கும். வெயில் இல்லாத மாரி நாளில் பகலும் இரவும் சேர்த்து 200ஐத் தொடும், 9 கிலோவாட் மெஷின் 24 மணித்தியாலமும் ஓடினால் கொடுப்பது 216தான். மெஷின் நிற்காமல் ஓடும், தண்ணீரின் சூடு ஏறாமல் அப்படியே நிற்கும், ஒரு நாளைக்கு 44 யுனிட், மோட்டர் வேறு. "ஹீட் பம்ப் சரியில்லை" என்று என்னைக் கூப்பிட்ட இடங்களில் போய்ப் பார்த்தால் மூடி ஒன்றும் இருப்பதில்லை.

குமிழ் வைத்த பிளாஸ்டிக் ஷீட் ஒன்றைத் தண்ணீரின் அளவுக்கு வெட்டி, குமிழ்ப் பக்கம் கீழே இருக்க மிதக்க விடுங்கள். ஒரு நாளைக்கு ஒன்றரைப் பாகைக்கு மேல் இறங்காது. அதை ஈடுசெய்ய எட்டரை யுனிட், மோட்டருக்கு மூன்று சொச்சம், நாளைக்குப் பன்னிரண்டு என்று வைத்தால் மாதம் 360. மோட்டரின் பங்கு எப்படியும் பில்டருக்காக ஓடுகிறதுதான். காசு தட்டுப்பாடாக இருந்தால் மெஷினை ஒரு மாதம் பிந்தி வாங்குங்கள், மூடியை இன்றைக்கே வாங்குங்கள்.

மழையைப் பற்றி நிறையப் பேர் கவலைப்படுவார்கள். 50 மில்லிமீற்றர் அடைமழை பெய்தாலும் விழுவது 900 லீற்றர், சூட்டை அரைப் பாகைகூட இறக்காது. காற்றுக்குத்தான் பயப்பட வேண்டும். கடற்பக்கம் ஓர் ஆளுயர மறைப்புக் கட்டுங்கள், கிடுகு வேலி என்றாலும் பரவாயில்லை.

நேரத்துக்கு வருவோம். பாகைக்கு மூன்று மணித்தியாலம் என்று நினைவில் வையுங்கள். திங்கள் பயிற்சி முடிந்ததும் மெஷினை நிறுத்தி மூடிவிட்டால் செவ்வாய் இரவு 31 அல்லது 31.5இல் நிற்கும். அன்று இரவு ஓட விட்டால் புதன் காலைக்கு 33 வந்துவிடும். வெள்ளி முடிந்தால் ஞாயிறு காலை வரை தொடவேண்டாம், பிறகு போடுங்கள். சூடு குறைந்த தண்ணீர் குறைவாகத்தான் இழக்கும், அதனால் இடையில் நிறுத்துவதில் நட்டம் இல்லை. ஆனால் மாதக் கணக்கில் நிறுத்தி 26க்கு விடாதீர்கள், மறுபடி ஏற்ற ஒரு முழுநாள் போகும், பிள்ளையின் பயிற்சியும் போகும்.

உவர்மலை வயர்மன்

தம்பி சொன்ன கணக்கோடு கரண்ட் பக்கத்தையும் சேர்க்கிறேன் அக்கா. பில்லில் எந்தப் பிரிவு போட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். வீட்டுப் பாவனை என்றால் விலை படிப்படியாக ஏறும், 180 யுனிட்டுக்கு மேல் கடைசிப் படி. ஃபிரிட்ஜும் லைட்டும் முதல் படிகளை நிரப்பிவிடும், ஹீட் பம்பின் 360 கிட்டத்தட்ட முழுக்க மேல் படியில்தான் விழும். அதனால் சராசரி விலையால் பெருக்காமல் கடைசிப் படி விலையால் பெருக்குங்கள்.

நேர அடிப்படையிலான மீற்றர் இருந்தால் இரவு 10.30 முதல் விடிய 5.30 வரை மலிவு, மாலை 6.30 முதல் 10.30 வரை மிக விலை. அந்த நாலு மணித்தியாலம் டைமரில் வெட்டிவிடுங்கள். குளிர்நாடுகளில் பகலில்தான் ஓட்டச் சொல்வார்கள், இரவில் காற்றுக் குளிர்ந்துபோகும் என்பதால். திருகோணமலையில் மார்கழியிலும் பகல் 27, 28, இரவு 24. அந்த வித்தியாசம் பெரிய காரியமில்லை, மலிவு நேரத்துக்கே போடுங்கள். கூரையில் சோலார் இருந்து மேலதிகம் வீணாகப் போகிறதென்றால் மட்டும் பகல்.

9 கிலோவாட் என்பது அது கொடுக்கும் வெப்பம், இழுப்பது இரண்டு கிலோவாட் அளவுதான், ஒன்பது அம்பியர். வீட்டு 30 அம்பியர் ஒற்றைக் கட்ட இணைப்புத் தாங்கும். தனி வயர், தனி பிரேக்கர், கரண்ட் கசிந்தால் தானே வெட்டும் தனி ட்ரிப் சுவிட்ச், நல்ல எர்த். பிள்ளை தண்ணீரில் நிற்கும் இடம் அக்கா, ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அமர்த்திப் பாருங்கள். பயிற்சி நேரத்தில் மெஷினை முழுதாக நிறுத்திவிடுவது இன்னும் நல்லது.

உப்புவெளி அம்மா

தம்பிமாருக்கு நன்றி. கொப்பியில் எழுதிவிட்டேன், என் கணவர் கணக்கைப் பார்த்துவிட்டு மூடிக்கு இப்போதே அளவெடுக்கிறார். இன்னும் ஒன்று: மழையில் நனையாமல் மெஷினை மோட்டர் அறைக்குள் வைக்கலாமா? கடல் உப்பு எங்கள் ஏசியையே தின்றுவிட்டது.

பம்ப்ரூம் தம்பி

அறைக்குள் வேண்டாம் அக்கா. அது விடும் குளிர்காற்றையே திரும்ப இழுத்துக்கொள்ளும், வெப்பம் எடுக்க ஒன்றும் மிஞ்சாது. மழை அதற்கு ஒன்றும் செய்யாது. வீட்டின் மேற்குப் பக்கம், கடற்காற்று நேரே அடிக்காத இடத்தில், கொங்கிரீட் மேடை போட்டு நாலு காலையும் போல்ட் அடித்து வையுங்கள், நம்மூர்ப் புயலுக்கு அது வேண்டும். விசிறிக்கு முன்னால் இரண்டு, மூன்று மீற்றர் வெளி விடுங்கள்.

வாங்கும்போது தண்ணீர் ஓடும் சுருள் டைட்டேனியமா என்று கேளுங்கள், வேறென்றால் குளோரின் அரித்துவிடும். காற்றுப் பக்கத்து அலுமினியத் தகடுகளுக்கு உப்புத் தாங்கும் பூச்சு இருக்க வேண்டும், உடம்பு பிளாஸ்டிக் என்றால் நல்லது. கிழமைக்கு ஒருதரம் மெஷினை நிறுத்திவிட்டு நல்ல தண்ணீரால் அந்தத் தகடுகளை மெதுவாகக் கழுவுங்கள், குழாயை அழுத்திப் பீச்சினால் தகடு வளைந்துவிடும்.

ஓடத் தொடங்கியதும் அடியில் வாளிக்கணக்கில் தண்ணீர் சொட்டும். ஈரக்காற்றுத் தண்ணீர்தான். சந்தேகம் வந்தால் குளோரின் பார்க்கும் தாளைத் தொட்டுப் பாருங்கள், நிறம் மாறாவிட்டால் ஒழுக்கு இல்லை. 33 பாகையில் குளோரின் வேகமாக முடியும், பயிற்சி நாள் காலையில் கட்டாயம் பாருங்கள். மூடியை மெஷின் ஓடும்போது திறக்காமல் பத்து மணிக்குக் கொஞ்சம் முன் சுருட்டுங்கள், முழுதாக எடுத்துவிடுங்கள், பாதி மூடிய தடாகத்தில் பிள்ளையை இறக்கக்கூடாது.

மூடி வந்ததும் சொல்லுங்கள், நான் வந்து வெட்டிப் போட்டுத் தருகிறேன்.