உலோகம் உடம்பில் ஏறிய கதைகள்: பட்டவர்கள், பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் எழுதுங்கள்

பட்டறைத்தீ:

கால்வனைஸ் பைப்பில் வெல்டிங் அடிச்சா ராத்திரி குளிர் காய்ச்சல் வரும்னு வெல்டர் எல்லாருக்கும் தெரியும். வாயில உலோக ருசி, உடம்பு வலி, நடுக்கம். மறுநாள் வேர்த்து விட்டுடும். துத்தநாகப் புகை. லீவு முடிஞ்சு வர்ற முதல் நாள்தான் அதிகமா அடிக்கும், அதனால திங்கட்கிழமைக் காய்ச்சல்னே பேரு. நான் எழுத வந்தது அதைப் பத்தி இல்ல.

எங்ககூட வேலை பார்த்த ஒரு அண்ணன், வெள்ளிக் கம்பி வச்சு பிரேஸிங் (கம்பியை உருக்கி உலோகத்தை ஒட்டுறது) பண்ணிட்டு இருந்தார். மூடின ரூம், சாயங்காலம் வரைக்கும். ராத்திரி நடுக்கம் வந்திருக்கு. ரூம்ல இருந்தவங்க "அதே காய்ச்சல்தான், படுங்கண்ணே"ன்னு போர்வையைப் போத்தி விட்டிருக்காங்க. மறுநாள் நான் போனப்ப அவரால படுக்கவே முடியல. உட்கார்ந்து முன்னாடி குனிஞ்சு மூச்சு வாங்கிட்டு இருந்தார். உதடு நீலமா இருந்துச்சு. அந்த நிறம் இன்னும் என் கண்ணை விட்டுப் போகல.

கம்பியில காட்மியம்ங்கிற விஷ உலோகம் இருந்திருக்கு. ஆஸ்பத்திரியில முதல்ல நிமோனியான்னு எழுதினாங்க. கம்பி பாக்கெட்டைக் கொண்டுபோய்க் காட்டின பிறகுதான் விஷயம் புரிஞ்சுது. பிழைச்சுட்டார். ஆனா மாடிப்படி ஏறினா பாதியில நின்னுடுவார். காட்மியப் புகையும் ஆரம்பத்துல துத்தநாகக் காய்ச்சல் மாதிரிதான் காட்டும். நுரையீரல்ல நீர் கோக்க அரை நாள், ஒரு நாள் ஆகும். அதுக்குள்ள எல்லாரும் தூங்கப் போயிடுவாங்க. ஐரோப்பாவில 2011லயே பிரேஸிங் கம்பியில காட்மியம் கூடாதுன்னு சட்டம் போட்டாச்சு. இதைப் படிக்கிறவங்க பட்டறையில இருந்தா, பாக்கெட்டைப் படிச்சுட்டு கம்பியை எடுங்க.

மழலைமொழி:

என் மகனுக்கு ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 52 மைக்ரோகிராம். அமெரிக்காவில் குழந்தைகளுக்கு 3.5 தாண்டினாலே கவனிக்கச் சொல்கிறார்கள். 45க்கு மேல் போனால் மருந்து.

வயிற்று வலி, மலச்சிக்கல், எதற்கெடுத்தாலும் அடம். பூச்சி மருந்து கொடுத்தார்கள், இரும்பு டானிக் கொடுத்தார்கள். கடைசியாகப் பார்த்த டாக்டர் குழந்தையைத் தொடவேயில்லை. என் கணவரிடம் "நீங்க என்ன வேலை செய்றீங்க?" என்றுதான் முதலில் கேட்டார். பழைய பேட்டரி உடைத்து ஈயம் உருக்கும் வேலை. அங்கே குளிக்க இடம் இல்லை, உடை மாற்ற ஓர் அறை இல்லை, ஈயம் வீட்டுக்குத் தொடர்ந்து வரும் என்று யாரும் சொன்னதும் இல்லை. "வந்ததும் குழந்தையைத் தூக்குவீங்களா?" என்று டாக்டர் கேட்டபோது இவர் குனிந்து சட்டைக் காலரைப் பார்த்தார். மகன் அதில் முகம் புதைத்துத்தான் தூங்குவான், சில சமயம் அதைச் சப்புவான்.

ஈயத்தைப் பிடித்து வெளியேற்றும் சக்ஸிமர் மாத்திரை கொடுத்தார்கள். அழுகிய முட்டை நாற்றம், குழந்தை வாயைத் திறக்க மாட்டான். அளவு நன்றாக இறங்கியது. மருந்தை நிறுத்தியதும் மறுபடி ஏறியது. எலும்பில் இருப்பது ரத்தத்துக்கு வருகிறது, எதிர்பார்த்ததுதான் என்றார்கள். எதிர்பார்த்ததுதான் என்று கேட்டுக்கொண்டு நிற்பது எனக்குச் சுலபமாக இல்லை.

தெளிநீர்:

மேலே எழுதிய சகோதரிக்கு. இவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. பெட்ரோலில் ஈயம் கலந்த காலத்தில் வளர்ந்தவர்கள்தான் நாம் எல்லோரும், நன்றாகத்தானே இருக்கிறோம்? எனக்கே முடிப் பரிசோதனையில் ஏழெட்டு உலோகம் அதிகம் என்று வந்தது. உடலைச் சுத்தப்படுத்தும் டிரிப் போட்டுக்கொண்டேன். களைப்பு குறைந்தது. குழந்தைக்கும் விசாரித்துப் பாருங்கள்.

சோதனைக்குழாய்:

தெளிநீர், தயவுசெய்து அந்த டிரிப்பை ஒரு குழந்தைக்குச் சொல்லாதீர்கள். நான் ஆய்வகத்தில் இருப்பவள், என் அனுபவத்தைப் பிறகு எழுதுகிறேன், இது முதலில்.

இப்படிப்பட்ட டிரிப்பில் ஏற்றும் ஈ.டி.டி.ஏ என்ற மருந்தில் இரண்டு வகை உண்டு. ஈயத்துக்குக் கொடுப்பது கால்சியம் டைசோடியம் ஈ.டி.டி.ஏ. பெயரில் கால்சியம் இல்லாத இன்னொன்று, ரத்தத்திலுள்ள கால்சியத்தையே பிடித்து இழுத்துவிடும், இதயம் நின்றுபோகும். 2003 முதல் 2005 வரை அமெரிக்காவில் இப்படி இறந்தவர்களில் குழந்தைகளும் உண்டு. முடிப் பரிசோதனையில் ஷாம்பு, சாயம், தூசி எல்லாமே உலோகமாகத்தான் தெரியும். அதை வைத்து யாருக்கும் மருந்து தொடங்கக் கூடாது. ஈயத்துக்கு ரத்தம்தான், அதுவும் சுத்தமான ஊசியில் ரத்தக் குழாயிலிருந்து எடுத்த ரத்தம்.

"நன்றாகத்தானே இருக்கிறோம்" என்பதற்கும் ஒரு வார்த்தை. வளரும் மூளையிலிருந்து ஈயம் எதை எடுத்தது என்று ஒரு மனிதரைப் பார்த்துச் சொல்ல முடியாது. பாதுகாப்பானது என்று சொல்லக்கூடிய அளவே ஈயத்துக்கு இல்லை என்பதுதான் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலை. கடைசி நாடாக அல்ஜீரியா 2021இல் ஈயப் பெட்ரோலை நிறுத்தியது. ஆனால் உலகில் பயன்படும் ஈயத்தில் முக்கால் பங்குக்கு மேல் பேட்டரிக்குத்தான் போகிறது, அந்தப் பேட்டரியைத்தான் மழலைமொழி வீட்டுக்காரர் உடைக்கிறார்.

மழலைமொழி, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். வேலைச் சட்டை, செருப்பு வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. தனியாகத் துவையுங்கள். தரையைப் பெருக்காதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். பெருக்கினால் தூசி எழுந்து மறுபடி படியும். சின்னக் குழந்தையின் குடல், பெரியவர்களைப் போல நாலைந்து மடங்கு ஈயத்தை உறிஞ்சும். இரும்பும் கால்சியமும் குறைந்தால் இன்னும் கூடும். மூலம் வீட்டுக்குள் வந்துகொண்டிருக்கும் வரை எந்த மாத்திரையின் பலனும் நிற்காது. உங்களுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை எடுங்கள், அடுத்த குழந்தை பற்றி யோசிக்கிறீர்கள் என்றால் கட்டாயம். கர்ப்பத்தில் தாயின் எலும்பு கரையும்போது அதிலுள்ள ஈயமும் குழந்தைக்குப் போகும்.

கரும்பலகை:

பள்ளி ஆய்வகத்தில் பழைய ரத்த அழுத்தக் கருவி உடைந்தது. நான் உள்ளே போகும்போது பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து பாதரசத்தை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் மோதிரத்தில் தேய்த்து "மிஸ், தங்கம் வெள்ளியாயிடுச்சு" என்று காட்டினாள். அவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில்.

உடைந்தால் என்ன செய்வது என்று சொல்கிறேன். ஆட்களை வெளியே அனுப்புங்கள், ஜன்னலைத் திறங்கள், அந்த அறைக் கதவைச் சாத்துங்கள். துடைப்பம் வேண்டாம், உருண்டை இன்னும் பொடியாகும். வேக்குவம் கிளீனர் வேண்டவே வேண்டாம், அது சூடாக்கி ஆவியாகக் கக்கும். அட்டையால் ஒதுக்கி, டிராப்பரால் உறிஞ்சி, பொடியை ஒட்டும் டேப்பில் ஒட்டி எடுத்து, மூடியுள்ள பாட்டிலில் அடையுங்கள். கழுவு தொட்டியில் ஊற்றாதீர்கள். தெர்மாமீட்டரில் ஒரு கிராம் அளவுக்கு இருக்கும், அந்தக் கருவியில் நூறு கிராம் வரைகூட இருக்கும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உலக ஒப்பந்தப்படி 2020க்குப் பிறகு இவற்றைத் தயாரிக்கவே கூடாது, ஆனால் அலமாரிகளில் பழசு இன்னும் இருக்கிறது.

தெளிநீர்:

பாதரசத்தை விழுங்கினாலே ஒன்றும் ஆகாது என்று டாக்டரே சொல்லக் கேட்டிருக்கிறேன். டீச்சர் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறார்.

சோதனைக்குழாய்:

டாக்டர் சொன்னது சரி, நீங்கள் எடுத்துக்கொண்டதுதான் தப்பு. தெர்மாமீட்டர் பாதரசம் குடலில் அநேகமாக உறிஞ்சப்படாமல் வெளியே போய்விடும். அதே பாதரசம் ஆவியானால், மூச்சில் போவதில் சுமார் 80 சதவீதம் உடம்பில் தங்கும், மூளைக்கும் போகும். ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் மெத்தில் பாதரசம் என்ற வேறு வடிவம் மீனில் சேர்ந்துதான் மக்களை முடக்கியது, 1956இல் வெளியே தெரிந்தது. டைமெத்தில் பாதரசம் இன்னொரு ரகம். கேரன் வெட்டர்ஹான் என்ற வேதியியல் பேராசிரியர் கையில் 1996இல் சில துளிகள் விழுந்தன. லேடெக்ஸ் கையுறை போட்டிருந்தார். அதைக் கடந்து உள்ளே போய்விட்டது. அடுத்த வருடம் இறந்தார். இதை ஒவ்வொரு புதுப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். எந்தப் பாதரசம், எந்த வழியில் என்று கேட்காமல் ஆபத்தா இல்லையா என்று பேசவே முடியாது.

முலாம்:

குரோம் முலாம் தொட்டி. மருத்துவ முகாம்ல என் கூட்டாளியோட ஒரு பக்க மூக்குல டாக்டர் டார்ச் அடிச்சார், வெளிச்சம் மறுபக்கம் வந்துச்சு. நடுச்சுவர்ல ஓட்டை. வலியே இல்லாம விழுந்திருக்கு. குரோமியம் உடம்புக்கு நல்லதுன்னு விளம்பரம் பார்த்திருப்பீங்க, அது மூணாம் இணைதிறன். தொட்டியில இருக்கிறது ஆறாம் இணைதிறன், புற்றுநோய் தர்றது. அந்தக் கழிவு நீரை எங்க விட்டாங்கன்னு நாங்க எல்லாரும் பார்த்திருக்கோம். மஞ்சள் தண்ணி. புல் கருகிப் போன பாதையைப் பார்த்தாலே எவ்வளவு தூரம் போச்சுன்னு தெரியும்.

நடைவண்டி:

அப்பா வாழ்நாள் முழுக்க வெல்டர். இரண்டு வருஷமாக நடை மாறிவிட்டது. குதிகால் தரையில் படாமல், விரல் நுனியில் விறைப்பாக நடக்கிறார். பின்னால் நகரச் சொன்னால் விழுகிறார். பார்க்கின்சன் என்று மாத்திரை கொடுக்கிறார்கள், பெரிதாகக் கேட்கவில்லை. பட்டறைத்தீ எழுதியதைப் படித்த பிறகுதான் தோன்றியது: அப்பாவின் வேலையை இதுவரை எந்த டாக்டரும் கேட்டதில்லை. சம்பந்தம் இருக்குமா?

சோதனைக்குழாய்:

இருக்கலாம், சொல்லியே ஆக வேண்டும். வெல்டிங் புகையில் மாங்கனீசு உண்டு. அது மூளையில் சேர்ந்தால் பார்க்கின்சன் மாதிரியே தெரியும், ஆனால் அந்த விரல்நுனி நடை, பின்பக்கம் விழுவது, லெவோடோபா என்ற பார்க்கின்சன் மருந்து சரியாகக் கேட்காதது எல்லாம் மாங்கனீசுப் பக்கம் கை காட்டுபவை. வேலையை விட்டுச் சில மாதம் ஆகிவிட்டால் ஸ்கேனில் அடையாளம் மறைந்துவிடும், அதனால் ஸ்கேன் சுத்தம் என்றாலும் விடாதீர்கள். எத்தனை வருஷம், எந்த ராடு, மூடிய இடமா திறந்த இடமா என்று ஒரு தாளில் எழுதி நரம்பியல் மருத்துவர் கையில் கொடுங்கள். அப்பா இன்னும் பட்டறைக்குப் போகிறாரா?