நீண்ட எக்ஸ்போஷரும் இரைச்சல் நீக்கமும்: நமக்கு நேர்ந்தவை

இருட்டும் நேரத்தில் கடலை எடுக்கப் போன முதல் நாளே ஒரு படத்தை இழந்தேன். அது எப்படிப் போயிற்று என்று எழுதிவைக்கிறேன். இன்னொருவர் அதே இடத்தில் தவறக் கூடாது.

சூரியன் மறைந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. அடிவானத்தில் ஒரு கீற்றுச் செம்மை மட்டும் மிச்சம். பாறையில் முக்காலியை ஊன்றி, நாமே மூடும்வரை ஷட்டர் திறந்திருக்கும் பல்ப் முறைக்கு மாற்றி, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நான்கு நிமிடம் ஷட்டரைத் திறந்துவைத்தேன். பாறையைச் சுற்றி அலையெல்லாம் புகையாகப் படிந்திருக்கும் என்று மனம் துள்ளிக்கொண்டிருந்தது. ஷட்டரை மூடினேன். படம் வரவில்லை. திரையில் ‘பிஸி’ என்ற ஒரு சொல் மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம் பொறுத்தேன். இரண்டு நிமிடம் பொறுத்தேன். அலை முக்காலியின் கால்வரை வரத் தொடங்கிவிட்டது. கேமரா உறைந்துபோய்விட்டது என்று முடிவு கட்டி, பேட்டரியைக் கழற்றி மறுபடி போட்டேன். மெமரி கார்டில் அந்தப் படம் இல்லை. நிமிர்ந்து பார்த்தால் வானத்தில் அந்தச் செம்மையும் இல்லை.

கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மெனுவில் ‘நீண்ட எக்ஸ்போஷர் இரைச்சல் நீக்கம்’ என்ற வசதி இயக்கத்தில் இருந்திருக்கிறது. எக்ஸ்போஷர் என்பது ஷட்டர் திறந்திருக்கும் நேரம்; இரைச்சல் என்பது படத்தில் வேண்டாமல் விழும் புள்ளிகள். அது இருந்தால், நாம் ஒரு படம் எடுத்து முடித்ததும், கேமரா ஷட்டரைத் திறக்காமலே அதே நேர அளவுக்கு இன்னொரு படம் எடுக்கும். டார்க் ஃபிரேம் என்பது இதைத்தான். வெளிச்சம் துளியும் படாத அந்தப் படத்தில், வெளிச்சத்தைப் பதிக்கும் சென்சாரின் சொந்தச் சூடுதான் பதிவாகும். முதல் படத்திலிருந்து அதைக் கழித்த பிறகே கோப்பு கார்டுக்குப் போகும். 30 நொடிப் படத்துக்கு மேற்கொண்டு 30 நொடி, நான்கு நிமிடப் படத்துக்கு மேற்கொண்டு நான்கு நிமிடம். நான் பாதியிலேயே பேட்டரியைப் பிடுங்கிவிட்டேன்.

கேமரா எதைக் கழிக்கிறது என்று பார்த்தே தீர வேண்டும் என்று தோன்றியது. வசதியை அணைத்து, லென்ஸ் மூடியைப் போட்டு, நான்கு நிமிடம் வெறும் இருட்டை எடுத்தேன். கணினியில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கினால், கறுப்புத் துணியில் பாசிமணியைக் கொட்டியதுபோலச் சிவப்பும் நீலமும் பச்சையுமாகப் புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒற்றைப் பிக்சல்தான். அதன் நிறம் நான்கு பக்கமும் லேசாகக் கசிந்து, சின்னக் கூட்டல் குறிபோல நிற்கிறது. இன்னொரு முறை எடுத்தேன். அதே புள்ளிகள், அதே இடங்களில். இடம் மாறாமல் நிற்பதால்தான் அவற்றைக் கழித்து எடுக்க முடிகிறது.

* * *

நண்பரே, நீங்கள் காத்திருக்காமல் படத்தை இழந்தீர்கள். கேமராவைக் காத்திருக்கவிட்டதால் எனக்கு ஓர் இரவே வீணாயிற்று.

நட்சத்திரங்கள் வானத்தில் வட்டக் கோடுகளாகத் தெரியும் படம் எடுக்க ஆசைப்பட்டேன். ஒரு மணி நேரம் தொடர்ந்து ஷட்டரைத் திறந்துவைப்பதைவிட, 30 நொடிப் படங்களாக வரிசையாக எடுத்துக் கணினியில் ஒன்றாகச் சேர்ப்பது நல்லது. அதுவரை சரியாகத்தான் செய்தேன். இரைச்சல் நீக்கத்தை மட்டும் அணைக்கவில்லை. 120 படங்கள் கிடைக்க வேண்டிய ஒரு மணி நேரத்தில் 60 படங்களே கிடைத்தன. சேர்த்துப் பார்த்தபோது கோடுகள் இல்லை. துணியில் ஓட்டுத் தையல் போட்டதுபோல ஒரு துண்டு வெளிச்சம், அதே நீளத்துக்கு ஓர் இடைவெளி, மறுபடி ஒரு துண்டு. வானம் மணிக்கு 15 பாகை திரும்புகிறது. கேமரா டார்க் ஃபிரேம் எடுத்துக்கொண்டிருந்த ஒவ்வொரு 30 நொடியிலும் நட்சத்திரம் நகர்ந்துபோய்விட்டது.

அடுத்த முறை வசதியை அணைத்துவிட்டு, படத்துக்குப் படம் ஒரு நொடி மட்டும் இடைவெளி விட்டேன். கோடுகள் அறுபடாமல் வந்தன. டார்க் ஃபிரேம்களை நாமே தனியாக எடுத்துக் கழிக்கலாம் என்று தெரிந்திருந்ததால், மறுநாள் மதியம் அறையில் உட்கார்ந்து நிதானமாக எடுத்தேன். இதில்தான் இரண்டாவது அடி. கழித்ததும் நிறப்புள்ளிகள் போயின, ஆனால் அவை இருந்த இடமெல்லாம் ஊசி குத்தியதுபோல் கரும்புள்ளிகள். சென்சாரின் வெப்பம் சுமார் ஆறு முதல் எட்டு டிகிரி கூடும்போதெல்லாம் இந்த இரைச்சல் ஏறக்குறைய இரட்டிப்பாகும். இரவின் குளிருக்கும் அறையின் புழுக்கத்துக்கும் 14 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கழிக்க வேண்டியதைப்போல நான்கு மடங்கைக் கழித்திருக்கிறேன்!

இப்போது கடைசி நட்சத்திரப் படம் முடிந்ததும் முக்காலியிலிருந்து எதையும் எடுப்பதில்லை. மூடியைப் போட்டு, அதே ஐஎஸ்ஓ (கேமராவின் உணர்திறன் அளவு), அதே 30 நொடி, அதே குளிரில் 16 படங்கள் எடுக்கிறேன். ஒன்று போதாதா என்று கேட்கலாம். ஒவ்வொரு டார்க் ஃபிரேமிலும் அதற்கே உரிய தாறுமாறான இரைச்சலும் கொஞ்சம் இருக்கிறது. ஒன்றை மட்டும் கழித்தால் அதுவும் நம் படத்தில் ஏறிவிடும். 16-ஐ எடுத்துச் சராசரி பார்த்தால் அது கால் பங்காகக் குறைகிறது. கை விறைக்கும் நேரத்தில் எட்டு நிமிடம் அதிகம்தான். ஆனாலும் நான் விடுவதில்லை.

* * *

என் பங்குக்குச் சுருக்கமாக ஒன்று. பகலில் அருவியை எடுக்கப் வெளிச்சத்தைச் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும் பத்து ஸ்டாப் என்டி ஃபில்டர் போட்டேன். 1/60 நொடி 17 நொடியாக நீண்டது. படத்தின் நடுவில் ஊதா நிறத்தில் ஒரு பட்டை. இரைச்சல்தான் என்று நினைத்து அந்த வசதியை இயக்கினேன், போகவில்லை. ஐஎஸ்ஓவைக் குறைத்தேன், அப்போதும் போகவில்லை. கடைசியில் பார்த்தால், என் முதுகுப் பக்கமிருந்த வெயில், நாம் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் வழியாக உள்ளே கசிந்திருக்கிறது. டார்க் ஃபிரேம் எடுக்கும்போது ஷட்டர் மூடியிருப்பதால் அந்தக் கசிவு அதில் பதிவாகாது, கழியவும் கழியாது. கண்ணாடி வைத்த எஸ்எல்ஆர் வகைக் கேமரா வைத்திருப்பவர்கள் அந்தத் துளையைக் கறுப்புத் துணியால் மூடிவிடுங்கள்.

* * *

மூன்றையும் படித்தேன். ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. டார்க் ஃபிரேமைக் கழித்துவிட்டால் எல்லா இரைச்சலும் போய்விடும் என்று பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். அது சூட்டின் தடத்தை மட்டும்தான் எடுக்கும். மிச்சமிருக்கும் மணல்மணலான இரைச்சலில் பெரும்பகுதி வெளிச்சத்திலேயே இருக்கிறது. வெளிச்சம் மழைத்துளிபோலத் தனித்தனியாக வந்து விழுகிறது. ஒரு பிக்சலில் சராசரியாக 100 ஃபோட்டான் (அந்த ஒளித்துளிகள்) விழ வேண்டிய இடத்தில் பத்து கூடவோ குறையவோ விழும். 10,000 விழுந்தால் அந்த ஏற்ற இறக்கம் 100-தான், அதாவது ஒரு சதவீதம். அதனால் இருட்டில் நமக்கு வேண்டியது கூடுதல் வெளிச்சம். குறைந்த ஐஎஸ்ஓவில் இருட்டாக எடுத்துவிட்டுக் கணினியில் ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைத்து நான் கெடுத்த படங்கள் ஏராளம்.

இன்னொரு குழப்பமும் பலருக்கு இருக்கிறது. மெனுவில் ‘உயர் ஐஎஸ்ஓ இரைச்சல் நீக்கம்’ என்று இருப்பது வேறு. பெரும்பாலான கேமராக்களில் அது கேமரா மெருகேற்றித் தரும் ஜேபெக் படத்தைத்தான் மழுப்பும், மெருகேற்றாத ரா கோப்பைத் தொடாது. நாம் பேசிக்கொண்டிருக்கும் நீண்ட எக்ஸ்போஷர் வசதியோ ரா கோப்பையே மாற்றிவிடும். நான் முன்னதை உச்சத்தில் வைத்துப் பால்வெளியை எடுத்தேன். இரைச்சலோடு பொடி நட்சத்திரங்களும் துடைத்தெடுக்கப்பட்டு, வானம் மெழுகு பூசியதுபோல் ஆயிற்று.

இப்போது என் வழி இது. நட்சத்திரத்தைப் பின்தொடர்ந்து திரும்பும் தாங்கியில் கேமராவை வைத்து, ஒரே காட்சியைப் பல முறை எடுக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் இடையில் சட்டகத்தைச் சில பிக்சல் அளவுக்கு நகர்த்துகிறேன். நட்சத்திரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தும்போது சூட்டுப் புள்ளிகள் படத்துக்குப் படம் வேறு வேறு இடத்தில் போய் விழுகின்றன. ஒவ்வோர் இடத்திலும் எல்லாப் படங்களின் மதிப்புகளையும் வரிசைப்படுத்தி நடுவில் வரும் இடைநிலை மதிப்பை எடுத்தால் அவை தாமாகவே கழன்றுவிடும். நகர்த்தாமல் ஓர் இரவு எடுத்தபோது, தாங்கி மெல்ல விலகியதில் அந்தப் புள்ளிகள் ஒரே திசையில் சாய்ந்த மழைக்கோடுகளாகப் படம் முழுவதும் விழுந்தன. அதைச் சரிசெய்ய எந்த மென்பொருளாலும் முடியவில்லை.

* * *

முதலில் எழுதியவன்தான். அதே பாறைக்குப் போன வாரம் மறுபடி போனேன். நீர் ஏறிக்கொண்டிருந்ததால் கேமராவைக் காத்திருக்கவைக்க நேரம் இல்லை. வசதியை அணைத்துவிட்டு நான்கு நிமிடப் படம் இரண்டு எடுத்தேன். பிறகு மேட்டுக்கு ஏறி, அதே காற்றில் கேமராவை வைத்து, மூடியைப் போட்டு நான்கு டார்க் ஃபிரேம் எடுத்தேன். 16 எடுத்திருந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும், பேட்டரியும் தாங்கியிருக்காது.

கழித்துப் பார்த்தேன். பாசிமணிகள் போய்விட்டன. பாறைக்குச் சற்று மேலே ஒரே ஒரு கரும்புள்ளி மட்டும் நின்றது. அந்தப் பிக்சல் இரண்டு படங்களிலும் முழுதாக நிரம்பி வழிந்திருக்கிறது. கழித்தபின் அதில் மிஞ்ச எதுவும் இல்லை. பக்கத்திலிருந்த வானத்தின் நிறத்தை எடுத்து அதைக் கையாலேயே மூடினேன்.