பழைய லாரியில் வாஷர் டேங்க் விரிசல்: ஒட்டுவதா, மாற்றுவதா?

கேள்வி (லாரி உரிமையாளர், நாமக்கல்)

அனைவருக்கும் வணக்கம். என்னுடையது பத்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிய ஆறு சக்கர லாரி. முன்கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சும் வாஷர் டேங்கில், போல்ட் மாட்டும் காதுக்கு அருகிலிருந்து கீழ்நோக்கி ஒரு விரிசல் இறங்கியிருக்கிறது. நிரப்பிய தண்ணீர் விடிவதற்குள் வடிந்துவிடுகிறது. பட்டறையில் எப்பாக்சி பசை பூசிக் கொடுத்தார்கள். சில நாள்களிலேயே அது தகடாக உரிந்து வந்துவிட்டது. மழைக்காலத்தில் முன்னே செல்லும் வண்டி வாரியடிக்கும் சேற்றைத் தண்ணீர் இல்லாமல் வைப்பர் துடைத்தால், எதிரே வரும் விளக்கொளியில் சாலையே தெரியாமல் போகிறது என்பதால், அடுத்த எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) வரை காத்திருக்க மனமில்லை. வேறு நல்ல பசை உண்டா, டேங்கையே மாற்ற வேண்டுமா? மாற்றினால், டேங்கிலிருந்து தண்ணீரை இறைக்கும் பழைய மோட்டாரைப் பயன்படுத்தலாமா?

பதில் 1 (மெக்கானிக், சேலம்)

ஐயா, பசையைத் தேடி அலைய வேண்டாம். இவ்வகை டேங்குகள் பெரும்பாலும் பாலிஎத்திலீனால் ஆனவை. அதன் மேற்பரப்பில் சாதாரணப் பசை எதுவும் பிடித்து நிற்காது. அதே வகைப் பிளாஸ்டிக்கை உருக்கி வெல்டிங் வைக்கலாம் என்றாலும், ஆண்டுக்கணக்கில் சூட்டில் காய்ந்து முறுகிய டேங்கில், வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி விரியும். மாற்றிவிடுவதே நல்லது.

கழற்றும்போது அவசரம் கூடாது. மோட்டாரின் வயர் சாக்கெட்டைப் பிரித்த பிறகு, தண்ணீர்க் குழாயை வெடுக்கென்று இழுக்காமல், வெந்நீரில் நனைத்த துணியை அதன் முனையில் சற்று நேரம் சுற்றி வைத்து, மெல்லத் திருகி எடுங்கள். இறுகிப்போன குழாயை இழுத்தால் மோட்டாரின் பிளாஸ்டிக் மூக்கு ஒடிந்து கையோடு வந்துவிடும். மோட்டார் டேங்கின் அடியில் ஒரு ரப்பர் வளையத்தில் செருகி நிற்கிறது. பழைய ரப்பரைப் புது டேங்கில் போடாதீர்கள். புதியதை வாங்கி, கிரீஸ் தடவாமல், தண்ணீரில் நனைத்து அழுத்தினால் போதும்.

அதைவிட முக்கியமானது, விரிசல் காதில் தொடங்கியிருப்பது. பிராக்கெட் வளைந்திருந்தாலோ, போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கியிருந்தாலோ, கேபினின் அதிர்வு முழுவதும் அந்த ஒரு காதில்தான் இறங்கும். பிராக்கெட்டை நிமிர்த்தி, போல்ட்டுக்கு அகலமான வாஷரும் ரப்பர் பேக்கிங்கும் கொடுத்து, டேங்க் ஆடாத அளவுக்கு மட்டும் முறுக்குங்கள். இதைக் கவனிக்காவிட்டால் புது டேங்கும் அதே இடத்தில் விரியும்.

பதில் 2 (ஆட்டோ எலெக்ட்ரீஷியன்)

பழைய மோட்டாரைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். கழற்றிய கையோடு ஒரு வாளித் தண்ணீரில் அதன் வாயை நனைத்து ஓட்டிப் பாருங்கள்; உலர்ந்த நிலையில் ஓட்டினால் உள்ளே தேய்ந்துவிடும். டேங்க் காலியான பிறகும் சுவிட்சை அழுத்திக்கொண்டிருந்ததாலேயே பல மோட்டார்கள் வீணாகின்றன.

புதிது வாங்க நேர்ந்தால் வோல்ட்டைச் சொல்லிக் கேளுங்கள். உங்களுடையது போன்ற பெரிய லாரிகள் பொதுவாக 24 வோல்ட். டாட்டா 407 போன்ற சிறிய வண்டிகளுக்கும் கார்களுக்கும் 12 வோல்ட். பார்ப்பதற்கு ஒன்றுபோல இருக்கும் 12 வோல்ட் மோட்டாரை உங்கள் வண்டியில் மாட்டினால் விரைவில் கருகிவிடும்.

பதில் 3 (ஓட்டுநர், வடநாட்டு லோடு)

குளிர்காலத்தில் காஷ்மீர், இமாசலம் பக்கம் வண்டி செல்வதானால், வெறும் தண்ணீரை டேங்க் நிறைய விட்டு வைக்காதீர்கள். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவதால், நல்ல டேங்கும் பிளந்துவிடும். அங்கு உறையாத வாஷர் திரவத்தையே ஊற்ற வேண்டும். சிலர் ரேடியேட்டர் கூலன்ட்டை ஊற்றுகிறார்கள்; அது கண்ணாடியில் எண்ணெய்ப் படலம்போல் படிந்து பார்வையை மறைக்கும்.

நம் ஊரில் போர்வெல் தண்ணீரின் உப்பு, கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சும் நாசிலை அடைத்துவிடும். ஆர்.ஓ. தண்ணீரையே ஊற்றுங்கள். புது டேங்க் மாட்டியதும், குழாயை நாசிலில் இணைக்கும் முன் ஒருமுறை வெளியே பீய்ச்சவிட்டு, உள்ளிருக்கும் பிளாஸ்டிக் துகளை வெளியேற்றிவிடுங்கள்.