கனடாவில் வீடு, தலவாக்கலையில் காணி: ஹீலாக் எடுக்கிறதுக்கு முன்னாடி

தலவாக்கலைத் தம்பி ஒருத்தர் கனடா பிராம்ப்டனில் இருந்து கேட்டிருக்கார்: "அக்கா, வீடு வாங்கி ஏழு வருஷமாச்சு. ஒரு லட்சம் டொலர் வரை ஹீலாக் (வீட்டை ஈடா வச்சு எடுக்கிற கடன்) தரலாம்னு பேங்கில் சொல்றாங்க. அந்தச் சல்லியில் ஊரில் அம்மா அப்பாவுக்கு வீடு கட்டிக் கொடுக்கலாமா?"

நான் இப்ப லீவில் ஹட்டன் வந்திருக்கேன். இங்கேயும் நாலு பேர் இதையே வேற மாதிரிக் கேட்கிறாங்க: "மகன் அங்க வீட்டை வச்சுக் கடன் எடுத்து அனுப்புறேங்கிறான், பயமில்லையா?" ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்தே எழுதுறேன்.

வீட்டின் இன்றைய பெறுமதியில் மோர்ட்கேஜ் (வீடு வாங்க எடுத்த கடன்) மீதியைக் கழிச்சா மிஞ்சுறது உங்க பங்கு. அந்தப் பங்கை ஈடா வச்சு, ஒரு எல்லை வரைக்கும் தேவைப்படும்போது எடுத்து, கட்டி, மறுபடி எடுக்கிற கடன்தான் ஹீலாக். எடுத்த தொகைக்கு மட்டும்தான் வட்டி. கனடாவில் மோர்ட்கேஜும் ஹீலாக்கும் சேர்ந்து வீட்டுப் பெறுமதியில் 80 வீதத்தைத் தாண்டக்கூடாது. ஹீலாக் பகுதி மட்டும் 65 வீதத்துக்கு மேல போகக்கூடாது. தம்பியின் வீடு 8 லட்சம் டொலர் பெறும், மோர்ட்கேஜ் மீதி 5 லட்சத்து 40 ஆயிரம்னு வைங்க. 80 வீதம் 6 லட்சத்து 40 ஆயிரம். மிச்சம் ஒரு லட்சம். பேங்க் சொன்ன கணக்கு இதுதான். 5 வீதம், 10 வீதம் முற்பணம் போட்டுப் புதுசா வாங்கினவங்களுக்கு, 20 வீதம் சொந்தப் பங்கு சேர்ற வரைக்கும் இந்தக் கதவு திறக்காது. அவங்க அவசரப்பட வேண்டியதில்லை.

ஊரில் நகை அடகு வச்சா சங்கிலி கழுத்தை விட்டுப் போயிடும். வெறுங்கழுத்தைக் கண்ணாடியில் பார்க்கிறப்பல்லாம் மீட்கணுங்கிற நினைப்பு வரும். ஹீலாக்கில் ஈடு வச்ச வீட்டுலயே சமைக்கிறோம், தூங்குறோம், பிள்ளைங்க அங்கேயே வளருதுங்க. ஈடு வச்சதே மறந்து போகுது. எனக்கு இதில் பெரிய பயமே இந்த மறதிதான்.

மாசக் கணக்கு வரும்போது அடியில் "ஆகக் குறைஞ்ச கட்டணம்"னு ஒரு வரி இருக்கும். பெரும்பாலும் அது வட்டி மட்டும்தான். 50 ஆயிரம் எடுத்திருந்தா, வட்டியைக் கட்டின பிறகும் அடுத்த மாசக் கணக்கில் அதே 50 ஆயிரம் நிற்கும். பத்து வருஷம் ஒழுங்காக் கட்டினாலும் அப்படியேதான் நிற்கும். ஒரு மாசமும் தவறவிடாதவங்க கூட முதல் தொகையில் ஒரு டொலர் குறைக்காம இருக்கிறதை நான் பார்த்திருக்கேன். வட்டியும் ஒரே இடத்தில் நிற்காது. உங்க ஹீலாக் வட்டி, பேங்கின் பிரைம் வட்டிக்கு (பேங்க் அடிப்படையா வச்சிருக்கிற வட்டி) மேல அரை வீதம்னு வைங்க. 2022 தொடக்கத்தில் பிரைம் 2.45, அப்ப 50 ஆயிரத்துக்கு மாசம் 123 டொலர் போல. அந்த வருஷம் மார்ச்சில் கனடா மத்திய வங்கி வட்டியை ஏத்தத் தொடங்கி, 2023 ஜூலைக்குள்ள பத்து முறை ஏத்துச்சு. பிரைம் 7.20 ஆச்சு. அதே கடனுக்கு மாசம் 321 டொலர். கடன் கூடல, எடுத்தவர் தப்பும் பண்ணல, ஆனா கட்டணம் ரெண்டரை மடங்குக்கு மேல போச்சு.

இன்னும் ஒண்ணு, ஒப்பந்தத்தின் உள்பக்கத்தில் இருக்கும்: இது பேங்க் கேட்டவுடன் திருப்பிக் கட்டவேண்டிய கடன். வழக்கமா முழுசையும் அப்படிக் கேட்கிறதில்லை. ஆனா எல்லையைக் குறைக்கவும் மேலே எடுக்கவிடாம நிறுத்தவும் அவங்களுக்கு உரிமை இருக்கு. வீட்டின் பாதிச் சுவர் எழும்பி நிற்கும்போது அது நடந்தா என்ன செய்றதுன்னு முன்னாடியே யோசிச்சு வைங்க.

இப்ப ஊர்ப் பக்கம். தம்பி, பேங்கில் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி உங்க வீட்டாரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: கட்டப்போற காணிக்கு யார் பேரில் உறுதி (காணிப் பத்திரம்) இருக்கு?

நம்ம ஆட்கள் தலைமுறை தலைமுறையா தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) வாழ்ந்தாலும் அந்த மண் நம்ம பேரில் இல்லை. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போச்சு. 1992இல் நிர்வாகம் கம்பனிகள் கைக்கு வந்துச்சு. காணி இன்னும் அரசாங்கத்துடையதுதான். ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு கிடைச்சவங்க எல்லார் கையிலும் உறுதி வந்து சேர்ந்துடல. லயத்துக்குப் பின்னால தாத்தா காலத்திலிருந்து மரக்கறி போட்ட துண்டை "நம்ம காணி"ன்னு எல்லாரும் சொல்றோம். அப்படிச் சொல்ல நமக்கு எல்லா நியாயமும் இருக்கு, ஆனா நொத்தாரிசு முன்னாடி அது செல்லாது. தோட்ட நிர்வாகம் வேலையை நிறுத்தச் சொன்னா தூண் மட்டும்தான் மிஞ்சும். எங்க அக்கா வீட்டுக்குப் போற வழியில் அப்படி ஒண்ணு நிற்குது. ஆறு தூண், மேல கம்பியெல்லாம் துருப்பிடிச்சு, நடுவில் யாரோ பீன்ஸ் போட்டிருக்காங்க. வெளிநாட்டுச் சல்லிதான்.

அதனால அழுத்திச் சொல்றேன்: உறுதி இருக்கிற வீட்டை ஈடு வச்சு, உறுதி இல்லாத காணியில் சல்லியைக் கொட்டாதீங்க. ஊரில் கட்டினது போனாலும் கனடாவில் கடன் அப்படியே இருக்கும். கட்டமுடியாமப் போனா ரெண்டு இடத்திலும் வீடில்லாம நிற்கணும்.

தோட்டத்துக்கு வெளியில் காணி வாங்குறதுன்னா உங்க குடியுரிமையையும் பாருங்க. பி.ஆர். (கனடாவில் நிரந்தர வதிவுரிமை) மட்டும் இருந்தா நீங்க இன்னும் இலங்கைப் பிரஜைதான், பிரச்சினையில்லை. கனடாப் பிரஜை ஆனவுடன், இரட்டைக் குடியுரிமைக்கு ஏற்பாடு பண்ணாட்டி, இலங்கைக் குடியுரிமை தானாவே போயிடும். பிறகு 2014இன் 38ஆம் இலக்கச் சட்டப்படி உங்க பேரில் காணி வாங்க முடியாது. அம்மா பேரில் வாங்குறதா இருந்தா, நாளைக்கு அண்ணன் தம்பிக்குள்ள பேச்சு வராம இப்பவே எல்லாரும் உட்கார்ந்து பேசிக்கங்க.

அடுத்தது மண். பதுளை மாவட்டத்து மீரியபெத்தயில் 2014 ஒக்டோபரில் மண்சரிவில் லயமே புதைஞ்சதை நாம மறக்கல. 2025 நவம்பரில் தித்வா புயல் என்ன பண்ணுச்சுன்னு உங்களுக்கே தெரியும். நுவரெலியா, பதுளை, கண்டிப் பக்கம் மண்சரிவு அபாயமுள்ள இடத்தில் கட்டுறதுன்னா தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி வேணும். "பக்கத்து வீட்டுக்காரர் எடுக்கலையே"ன்னு மேசன் பாஸ் சொல்வார். நீங்க கேளுங்க. சரிவில் மண்ணைத் தாங்குற சுவருக்கு ஆகிற செலவு வீட்டுச் செலவையே புரட்டிப்போடும். அந்தக் கணக்கு இல்லாம தொகையை முடிவு பண்ணாதீங்க.

கல்யாணம் முடிச்ச தங்கச்சிமாருக்குத் தனியா ஒரு சொல். ஒன்டாரியோவில் குடும்ப வீடு கணவர் பேரில் மட்டும் இருந்தாலும் உங்க சம்மதம் இல்லாம அதை ஈடு வைக்க முடியாது. "சும்மா ஒரு கையெழுத்து"ன்னு நீட்டினா வாங்கி முழுசா வாசிங்க. விளங்காட்டி விளங்குற வரைக்கும் கையெழுத்துப் போடாதீங்க.

ஹீலாக்கே கூடாதுன்னு நான் சொல்லல. கூரை ஒழுகுது, குளிர் காலத்தில் வீட்டைச் சூடாக்கிற ஃபர்னஸ் நின்னுடுச்சுன்னா தாராளமா எடுங்க. 19.99 வீதக் கிரெடிட் கார்டுக் கடனை இதில் மாத்துறதும் நல்ல கணக்குதான், கார்டை மறுபடி நிரப்பாத வரைக்கும். ஏஜென்சிக்குக் கட்டி மச்சானைக் கூப்பிட, சீட்டுக் கட்ட, கல்யாண மண்டபத்துக்கு, இதுக்கெல்லாம் வேண்டாம்.

தம்பி, உறுதி சரின்னாலும் ஒரு லட்சத்தையும் ஒரேயடியா எடுக்காதீங்க. அத்திவாரம், சுவர், கூரைன்னு கட்டம் கட்டமா அனுப்புங்க. முதல் கட்ட வேலையை வீடியோவில் பார்த்த பிறகு அடுத்தது. 50 ஆயிரத்தை அஞ்சு வருஷத்தில் முடிக்க, வட்டி போக மாசம் 833 டொலர் முதல் தொகையில் கழியணும். அந்தத் தொகையை இப்பவே மூணு மாசம் ஒதுக்கி வச்சுப் பாருங்க, மூச்சு முட்டாட்டி பேங்குக்குப் போங்க.

அதுக்கு முன்னாடி, அப்பாவிடம் உறுதியின் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. நுவரெலியாவில் ஒரு நொத்தாரிசைப் பிடிச்சுக் காணிப் பதிவகத்தில் தேடச் சொல்லுங்க. அது வந்ததும் வீட்டுப் பெறுமதி, மோர்ட்கேஜ் மீதி, பேங்க் சொன்ன வட்டி மூணையும் இங்க எழுதுங்க, கணக்குப் போட்டுத் தர்றேன். பேரும் அக்கவுண்ட் நம்பரும் போடவேண்டாம்.