எத்தனை பிள்ளைகளுக்கு ஏடிஎச்டி இருக்கும்?

கேள்வி:
மகளுக்கு எட்டு வயது. கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு பென்சில் சீவிக்கொண்டே இருப்பாள். ஓட்டம், சத்தம் எதுவும் கிடையாது. ஏடிஎச்டியாக (கவனக்குறைவு, அதீதத் துறுதுறுப்புக் கோளாறு) இருக்கலாம் என்கிறார் டீச்சர். அது அவ்வளவு பரவலா?

பதில் 1:
பரவல்தான். 2007இல் உலக ஆய்வுகளைத் தொகுத்தபோது சுமார் 5.3 சதவீதம், அதாவது இருபதில் ஒரு பிள்ளை. அமெரிக்காவில் 2022இல் பெற்றோரைக் கேட்ட கணக்கெடுப்பில் 11.4. கேட்கும் விதம் மாறினால் எண்ணும் மாறும்.

பதில் 2:
பையன்களிடம்தான் அதிகம் கண்டுபிடிக்கிறார்கள். பெஞ்சில் ஏறிக் குதிப்பவன் கண்ணில் படுவான். ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பவள் தப்பிவிடுவாள், பாவம்.

பதில் 3:
டீச்சர் சொன்னதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீங்க. அறிகுறிகள் ஆறு மாதமாவது நீடிக்கணும், வீட்டிலும் தெரியணும். தூக்கம், காது, கண் எல்லாம் பார்த்தீர்களா?

கேட்டவர்:
காது, கண் பார்த்தாச்சு. வீட்டிலும் அதே கதைதான், ஒரு சாக்ஸ் மாட்ட அரை மணி நேரம். சரி, டாக்டரிடம் காட்டுகிறேன்.