மணி ஒலித்த பிறகும் டேனெரிஸ் ஊரை எரித்தது ஏன்?

வேளச்சேரி வாசி:
கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடரை இரண்டாம் முறையாக முதலிலிருந்து பார்த்து, நேற்று எட்டாவது சீசனின் ஐந்தாவது எபிசோடை முடித்தேன். 2019இல் திங்கட்கிழமை காலை 6:30க்கே உட்கார்ந்து பார்த்துவிட்டு வேலைக்கு ஓடிய நாட்களில் வந்த கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது. அரியணையைப் பிடிக்க டிராகன் மேல் வந்த டேனெரிஸிடம் தலைநகரம் சரணடைந்து மணி ஒலித்துவிட்டது, வீரர்கள் வாளைக் கீழே போட்டுவிட்டார்கள், எதிரி ராணி செர்சி எதிரே கோட்டையில்தான் நிற்கிறாள். நேராக அங்கே பறக்காமல் தெருவில் ஓடும் ஜனங்களை ஏன் எரிக்க வேண்டும்? முன்பு தான் பிடித்து ஆண்ட மீரீன் நகரில் டிராகன் ஒரு குழந்தையைக் கொன்றுவிட்டது என்று, கையில் இருந்த மற்ற இரண்டு டிராகன்களையும் அழுதுகொண்டே சங்கிலியில் கட்டியவள் இவள்தானே. அவளாகச் செய்தது போலவே இல்லை, எழுதியவர்கள் செய்ய வைத்தது போல இருக்கிறது.

பெரம்பூர் பாலா:
எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதே மீரீனில் அடிமைகளை வைத்திருந்த 163 எசமானர்களை ஆணியடித்துக் கொன்றாளே, அவர்களில் யார் குற்றவாளி என்று விசாரித்தாளா? அடிமைக் குழந்தைகளைக் கொல்ல வேண்டாம் என்று மற்ற எசமானர்களிடம் வாதாடியவர் என் அப்பா, அவரையும் கொன்றுவிட்டாய் என்று செத்த ஒருவரின் மகன் ஹிஸ்தார் வந்து நிற்கிறான், அவளிடம் பதில் இல்லை. ஊர்களை எரிப்பேன் என்று இரண்டாவது சீசனிலேயே சொன்னவள். செத்தவர்கள் கெட்டவர்கள் என்பதால் நாம் கைதட்டினோம், அவ்வளவுதான்.

மந்தைவெளி தமிழ் டீச்சர்:
பாலா சொல்லும் அந்த இடம் முக்கியமானது. விசாரிக்காமல் கொன்றதுதான் பாண்டியன் செய்த பிழை. ஆனால் கண்ணகியை நினைத்துப் பாருங்கள். பாண்டியன் தன் பிழையை உணர்ந்து உயிரை விட்ட பிறகுதான் அவளும் மதுரையை எரிக்கிறாள், எதிரி விழுந்த பிறகு எரிவது அங்கேயும் ஊர்தான். அப்படியும் மெரினாவில் அவளுக்குச் சிலை வைத்திருக்கிறோமே, ஏன்? சிலம்பில் அவள் பேசுகிறாள். யாரை விட வேண்டும் என்று அக்கினி கேட்கும்போது அறவோர், முதியோர், குழந்தைகள் என்று ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டு, தீயவர் பக்கம் போ என்கிறாள். அவள் சொன்னது நமக்குச் சரியோ தவறோ, அவள் மனதுக்குள் நாம் இருக்கிறோம். டேனெரிஸ் டிராகனைக் கிளப்பிய பிறகு அந்த எபிசோடு முடியும் வரை அவள் முகத்தை நெருக்கத்தில் காட்டவே இல்லை, கீழே சாம்பலில் ஓடும் ஆர்யா என்ற பெண்ணோடுதான் கேமரா ஓடுகிறது. அவள் எரித்ததை நான் ஏற்றுக்கொள்வேன். முடிவெடுக்கும் நொடியில் அவளை விட்டு விலகி நின்றதை மட்டும் மன்னிக்க மனம் வரவில்லை.

தாம்பரம் ரயில்:
அவசரமும் ஒரு காரணம். முதல் ஆறு சீசன்களும் பத்துப் பத்து எபிசோடு, ஏழாவது ஏழு, எட்டாவது வெறும் ஆறு. அவளுடைய டிராகன் ரேகல் செத்ததும் தோழி மிஸ்ஸாண்டேயின் தலை போனதும் நான்காவது எபிசோடில், ஐந்தாவதில் ஊர் எரிகிறது. அந்தத் துக்கத்தில் அவளை நாலு நாள் உட்கார வைத்திருந்தால் நாமும் கூடவே உட்கார்ந்திருப்போம்.

வேளச்சேரி வாசி:
டீச்சர், நீங்கள் சொன்ன பிறகு அந்தக் காட்சியை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். மணி ஒலிக்கும்போது அவள் முகத்தில் என்னவோ உடைகிறது, அப்புறம் நெருப்பு மட்டும்தான். பாலா சொன்ன ஹிஸ்தாரை நான் மறந்தே போயிருந்தேன், அதனால் அவள் எரித்திருக்கவே மாட்டாள் என்று இனி சொல்ல மாட்டேன். ஆனால் செர்சியின் சகோதரன் ஜேமி விஷயம் இன்னும் உறுத்துகிறது. இதே ஊர் ஜனங்கள் எரிந்துவிடக் கூடாது என்று, ஊரை எரிக்கச் சொன்ன ராஜாவையே குத்திக் கொன்று, ஆயுசு முழுக்க அந்தக் கெட்ட பெயரைச் சுமந்தவன், அவர்களைப் பற்றி எனக்குக் கவலையே இருந்ததில்லை என்று தம்பி டிரியனிடம் சொல்கிறானே, அதை எப்படி எடுத்துக்கொள்வது?